ராமின் ஞாபகசக்தியும் அதைச் சோதித்தவர்களும்



போன மாதப் பதிவின் கீழே பழைய மாணவர்கள் இரண்டு பேர், "சார், நம்ம ஊர்ப் பெரியவர்களின் ஒலிப்பதிவுகளை எப்போது கேட்கத் தருவீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில்தான் இது. பதில் ஒரு வரியில் முடியாது. கணிப்பொறியின் நினைவகம், அதாவது நாம் ராம் என்று சொல்கிறோமே, அதன் எழுபத்தைந்து ஆண்டுக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் புரியும். நான் கணக்கு வாத்தியார். வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் எனக்கே மதிப்பெண் போட மனசு வராது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஏழு ஆண்டுகளாக ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். ஏரிப் பாசனம், பழைய சந்தை, பஞ்சகாலக் கதைகள் என்று இருநூறுக்கு மேல் சேர்ந்தன. என் பழைய கணிப்பொறி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அக்கா மகன் புதிதாக ஒன்று கட்டித் தந்தான். "மாமா, ராமை ஓவர்க்ளாக் பண்ணி 6000-இல் ஓட விட்டிருக்கேன். பறக்கும் பாருங்க" என்றான். பறக்கத்தான் செய்தது. பதிவுகளையெல்லாம் ஜிப் கோப்புகளாகச் சுருக்கிப் புதிய வட்டில் வைத்தேன். வைத்த கையோடு பழைய வட்டைத் துடைத்து, அக்கம்பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மூன்று கோப்புகள் திறக்கவில்லை. கோப்பு பழுதடைந்துள்ளது என்று மட்டும் செய்தி வருகிறது. வட்டைச் சோதித்தோம். குறை இல்லை. கடைசியில் பையன் ராமைச் சோதிக்கும் நிரல் ஒன்றை இரவு முழுக்க ஓட விட்டான். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ராமின் வேகத்தை இறக்கிவிட்டு மறுபடி ஓட விட்டோம். ஒரு பிழைகூட இல்லை.

அந்த நிரல் என்னதான் செய்தது என்று தெரிந்துகொள்ளத் தொடங்கியதுதான் இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டது.

1940-களில் கணிப்பொறி கட்ட நினைத்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நின்றார்கள். கூட்டிக் கழிக்கும் பகுதியைச் செய்துவிடலாம். கூட்டியதை எங்கே வைப்பது? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் என்ற இருவரும் ராடார் கருவிகளில் இருந்த படக்குழாயை எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பழைய டிவியில் இருந்ததே, அதே மாதிரிக் குழாய். அதன் திரையில் மின்னேற்றப் புள்ளிகளாக 0, 1 என்று எழுதினார்கள். எழுதியது ஒரு நொடிகூட நிற்காது, கசிந்துவிடும். அதனால் அழிவதற்குள் படித்து, படித்ததையே திரும்ப எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1947 முடிவதற்குள் ஒரு குழாயில் 2,048 புள்ளிகளை மணிக்கணக்கில் காப்பாற்றிக் காட்டினார்கள்.

ஆனால் சும்மா வைத்திருப்பது வேறு, கணிப்பொறி கேட்கும் வேகத்தில் எடுத்துக் கொடுப்பது வேறு. அதைச் சோதிக்க ஒரே வழி, ஒரு கணிப்பொறியையே கட்டிப் பார்ப்பது. கட்டினார்கள். பெயர் 'பேபி'. மொத்த நினைவகம் 32 சொற்கள், சொல்லுக்கு 32 பிட்டுகள், ஆக 1,024 பிட்டுகள். 1948 ஜூன் 21 அன்று அது முதல் கணக்கை முடித்தது. 2-இன் 18-ஆம் அடுக்குக்கு, அதாவது 2,62,144-க்கு, அந்த எண்ணைத் தவிர்த்த மிகப் பெரிய வகுஎண் எது? பாதி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை உடனே சொல்லிவிடும். பேபி ஒவ்வோர் எண்ணாக இறங்கி வந்து, சுமார் 35 லட்சம் செயல்களைச் செய்து, 52 நிமிடம் கழித்து 1,31,072 என்று சொன்னது. சுற்றி வளைத்த வழியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது விடை அல்ல. அந்த 52 நிமிடமும் நினைவகம் தடுமாறாமல் நிற்கிறதா என்பதுதான்.

கவனியுங்கள். தன் நினைவகத்திலேயே நிரலை வைத்துக்கொண்டு ஓடிய முதல் மின்னணுக் கணிப்பொறி, நினைவகத்தைச் சோதிப்பதற்காகப் பிறந்தது.

அந்தக் குழாய்களில் ஒரு பொல்லாத குணம் இருந்தது. ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொட்டால், பக்கத்துப் புள்ளிகளின் மேல் எலெக்ட்ரான்கள் சிதறி அங்கிருந்த விவரம் கெட்டுவிடும். இதை ஒரு மூலையில் குறித்து வையுங்கள். அறுபது ஆண்டு கழித்து இதே நோய் வேறு உடம்பில் திரும்பி வரும்.

அடுத்து அமெரிக்காவின் எம்ஐடி. அங்கே ஜே ஃபாரஸ்டர் தலைமையில் வேர்ல்விண்ட் என்ற கணிப்பொறி. அதில் ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்கள். ஏதாவது ஒன்று கணக்கின் நடுவில் தளர்ந்துபோனால் எல்லாம் பாழ். ஃபாரஸ்டரின் குழு ஒரு வழி கண்டது. சோதனை நேரத்தில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் பார்ப்பார்கள். நல்ல குழாய் தாங்கும். நாளைக்குச் சாகப்போகும் குழாய் இன்றைக்கே தடுமாறும். அதைக் கழற்றி மாற்றிவிடுவார்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் நாம் கொஞ்சம் கடினமாகவே வினாத்தாள் எடுப்போமே, அதே யோசனைதான். பிள்ளையைத் தோற்கடிக்க அல்ல, எந்தப் பாடத்தில் சறுக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிவதற்காக.

அதே இடத்தில் சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துப் புதிய நினைவகம் ஒன்றும் செய்தார்கள். அதை நேரே வேர்ல்விண்டில் பொருத்தத் துணிச்சல் வரவில்லை. முதலில் சோதிக்க வேண்டும். அதற்கென்றே தனியாக ஒரு கணிப்பொறி கட்டினார்கள். அதன் பெயரே 'மெமரி டெஸ்ட் கம்ப்யூட்டர்'. கட்டியவர் கென் ஓல்சன் என்ற இளம் பொறியாளர். பின்னாளில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். சோதனையில் தேறிய பிறகு, 1953 ஆகஸ்டில் காந்த நினைவகம் வேர்ல்விண்டுக்குள் போனது. அடுத்த இருபது ஆண்டுகள் அதன் ராஜ்யம்தான்.

அந்த ராஜ்யத்தை முடித்து வைத்தது சிலிக்கான். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1966-இல் ஒரு யோசனை கண்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி, இரண்டும் சேர்ந்தால் ஒரு பிட். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் இன்டெல் 1103 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர்கள். மொத்தம் 1,024 பிட்டுகள், பேபியில் இருந்த அதே அளவு! கசியும் குணமும் அதேதான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வைத்திருப்பது போல. 1103-இல் இரண்டு மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். இன்றைய ராமிலும் இந்த வேலை ஓயவில்லை. நீங்கள் இந்தப் பதிவைப் படிக்கும் கருவியின் ராமும் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறையாவது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறது.

1970-களின் கடைசியில் இன்டெல்லுக்கு ஒரு புதிர். நல்ல சில்லுகளில் எப்போதாவது ஒரு பிட் மாறிவிடுகிறது. திரும்பச் சோதித்தால் சில்லில் குறை இல்லை. திமதி மே, மரே வுட்ஸ் என்ற இருவர் காரணத்தைப் பிடித்தார்கள். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் மிகச் சிறிய அளவில் கதிரியக்கத் தனிமங்கள் கலந்திருந்தன. உறை செய்த ஆலை பயன்படுத்திய ஆற்று நீரில், மேலே இருந்த பழைய யுரேனியச் சுரங்கத்தின் கழிவு கலந்திருந்தது. உறையிலிருந்து கிளம்பிய ஆல்ஃபா துகள் ஒன்று பட்டால் போதும், 0 என்பது 1 ஆகிவிடும். 1979-இல் அவர்களுடைய ஆய்வு வெளியானது. சில்லில் குறை, சோதனையில் குறை என்று தேடியவர்களுக்கு விடை ஆற்றுத் தண்ணீரில் இருந்தது.

இப்படிப்பட்ட பிழைக்கு மருந்து அதற்கு முன்பே இருந்தது. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாம்மிங், வார இறுதியில் கணக்கை இயந்திரத்திடம் விட்டுவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், இயந்திரம் பிழையைக் கண்டு அந்தக் கணக்கையே கைவிட்டிருக்கும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எந்த இடத்தில் என்று கண்டு திருத்தத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்தது ஹாம்மிங் குறியீடு. 1950-இல் வெளியிட்டார். இன்று வங்கி, மருத்துவமனை சர்வர்களில் இருக்கும் ஈசிசி ராம் இந்த வழியில் வந்ததுதான். 64 பிட்டுகளோடு 8 காவல் பிட்டுகளையும் சேர்த்து வைக்கும். ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும். நம் வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இது கிடையாது. டிடிஆர்5 சில்லுகளுக்குள்ளே மட்டும் இது மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஆனால் சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நடக்கும் தவறு அதன் கண்ணில் படாது.

இனி, அன்றிரவு ஓடிய சோதனைக்கு வருகிறேன். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற நிரல் உலகம் முழுக்கப் பிரபலம். அதற்குப் பின் பல நிரல்கள் வந்துவிட்டன. அடிப்படையை வகுப்பறையில் வைத்தே சொல்கிறேன்.

நாற்பது பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் சிலேட்டு. எல்லோரும் 0 எழுதுங்கள் என்கிறோம். பிறகு முதல் பிள்ளையிலிருந்து நடந்துபோய், ஒவ்வொரு சிலேட்டிலும் 0 இருக்கிறதா என்று பார்த்து, அதை அழித்து 1 எழுதச் சொல்கிறோம். மறுபடி நடந்துபோய் 1 இருக்கிறதா என்று பார்த்து 0 எழுதச் சொல்கிறோம். அதோடு முடியவில்லை. கடைசிப் பிள்ளையிலிருந்து முதல் பிள்ளைவரை திரும்பியும் இதையே செய்ய வேண்டும். ஏன்? பத்தாவது பிள்ளை எழுதுவதைப் பார்த்து ஒன்பதாவது பிள்ளை காப்பி அடிக்கிறான் என்று வையுங்கள். முன்னிருந்து நடந்தால், நாம் ஒன்பதைத் தாண்டிய பிறகுதான் பத்துக்கு வருகிறோம். அவன் சிலேட்டில் ஏற்கெனவே 1 இருக்கும். அவன் காப்பி அடித்தாலும் அதே 1தான், மாட்ட மாட்டான். பின்னாலிருந்து வந்தால் பத்தைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு வரும்போது கையும் களவுமாகப் பிடிபடுவான். இதற்கு 'மார்ச்' சோதனை என்று பெயர். அணிவகுத்து நடப்பது என்ற பொருளில். இன்னொரு சோதனை, எழுதிவிட்டுச் சில நிமிடம் தொடாமல் விட்டு, மறந்துவிட்டதா என்று பார்ப்பது. முப்பத்து நான்கு ஆண்டு வாத்தியார் வேலையில் நான் செய்ததும் இவ்வளவுதான்.

ஓவர்க்ளாக் செய்யும் வழக்கம் சாதாரண வீடுகளுக்கு வந்தது 1990-களில். 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவான செயலி ஒன்று. பலகையின் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5-ஆல் பெருக்கி 300-இல் ஓடும். பையன்கள் பலகையின் துடிப்பை 100-க்கு ஏற்றினார்கள். செயலி 450-இல் ஓடியது. ஆனால் ராமும் அதே துடிப்பில்தான் ஓடியாக வேண்டும். 66-க்குச் செய்த ராம் பலவும் 100-இல் திணறின. அன்று முதல் செயலியை ஓட்டுகிறவர்கள் ராமையும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். எந்தச் சில்லு எவ்வளவு தாங்கும் என்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி ஆனது. 2000-களின் தொடக்கத்தில் வின்பாண்ட் பிஎச்-5, டிடிஆர்4 காலத்தில் சாம்சங் பி-டை என்றால் அவர்களுக்குக் கண் விரியும்.

ராம் கம்பெனிகளும் களத்தில் இறங்கின. விதைநெல்லைப் புடைத்து எடுப்பது போல, நன்றாக ஓடும் சில்லுகளைப் பொறுக்கி எடுத்துக் கூடுதல் விலைக்கு விற்றன. 2007-இல் டிடிஆர்3 வந்தபோது இன்டெல் எக்ஸ்எம்பி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ராம் குச்சியில் உள்ள ஒரு குட்டிச் சில்லில், பொது வேகத்தோடு கூடுதல் வேகத்துக்கான குறிப்பும் எழுதப்பட்டிருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். டிடிஆர்5-இன் பொது மின்னழுத்தம் 1.1 வோல்ட். இந்தக் குறிப்புகள் பல 1.35, 1.4 வோல்ட் என்று கேட்கும். ராம் அந்த வேகத்துக்குத் தேறியிருக்கலாம். நம் பலகையும் செயலியும் அதோடு சேர்ந்து தேறுமா என்பதை நாம்தான் நம் வீட்டில் சோதிக்க வேண்டும். பலரும் சோதிப்பதில்லை.

இந்த ஓட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிடிஆர்400, சிஎல் 2. டிடிஆர்4-3200, சிஎல் 16. டிடிஆர்5-6000, சிஎல் 30. சிஎல் என்பது கேட்ட வரிசையிலிருந்து விவரம் கிளம்ப எத்தனை துடிப்பு ஆகும் என்ற எண். இந்த மூன்றின் துடிப்பு முறையே 200, 1600, 3000 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் விடை 10 நானோநொடி! இருபது ஆண்டில் ஒரே நேரத்தில் அள்ளிக் கொடுக்கும் அளவு பதினைந்து மடங்கு கூடியது. முதல் சொட்டு வர ஆகும் நேரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பத்தில் ஒன்றிரண்டைக் குறைக்கத்தான் இத்தனை பேர் இராத்திரி கண் விழிக்கிறார்கள். இன்னொரு கூட்டம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றி 12,000-ஐத் தாண்டிய சாதனைகளும் செய்திருக்கிறது.

இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் கவலை என்று நினைத்தால், ஒரு தேர்தல் கதையைக் கேளுங்கள். 2003 மே 18, பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் பகுதியில் ஸ்கார்பெக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு, வாங்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருந்தன. மறுபடி எண்ணினார்கள். கூடுதலாகச் சேர்ந்திருந்தவை சரியாக 4,096. என் மாணவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அது 2-இன் 12-ஆம் அடுக்கு. நிரலில் குறை எதுவும் கிடைக்கவில்லை. நினைவகத்தில் 13-ஆம் இடத்து பிட் ஒன்று தானாக மாறியிருக்க வேண்டும் என்பதே வல்லுநர்கள் வந்த முடிவு. வாங்கவே முடியாத எண் என்பதால் கண்ணில் பட்டது. மாறியது 4-ஆம் இடத்து பிட்டாக இருந்திருந்தால் எட்டு வாக்குதான் கூடியிருக்கும். யார் கண்டிருப்பார்கள்?

2009-இல் கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் குச்சிகளில் பிழை ஏற்பட்டது தெரிந்தது. 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஓனுர் முட்லு குழு 129 ராம் குச்சிகளைச் சோதித்தது. ஒரே வரிசையை வேகவேகமாகத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினார்கள். 110 குச்சிகளில் பக்கத்து வரிசையின் பிட்டுகள் மாறின. ரோஹேமர் என்று பெயர். மூலையில் குறித்து வைக்கச் சொன்னேனே, பேபி காலத்துப் படக்குழாய் நோய், அதுவேதான். அடுத்த ஆண்டே கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள், இதைக் கொண்டு கணிப்பொறியின் பூட்டையே திறக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

சரி, என் மூன்று கோப்புகள். இரண்டின் மூலப்பதிவு பழைய கைபேசியின் மெமரி கார்டில் கிடைத்துவிட்டது. மூன்றாவது கிடைக்கவில்லை. அது எங்கள் ஏரிக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் பேசியது. எந்த மடையை எந்த மாதம் எத்தனை சாண் திறப்பது, கடைமடைக்காரன் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். அவர் போன ஐப்பசியில் காலமாகிவிட்டார்.

பையன் ரொம்பவே நொந்துபோனான். "என்னாலதான் மாமா" என்றான். இல்லையப்பா என்றேன். அவன் வேகத்தைக் கூட்டினான். சரிபார்க்காமல் பழைய வட்டைத் துடைத்தவன் நான். விடைத்தாளில் கூட்டலை இரண்டு தடவை போடாமல் ஒரு நாளும் கட்டைக் கட்டியவன் இல்லை நான். இயந்திரம் என்றதும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பேபியைக் கட்டியவர்களுக்கு நினைவகத்தின் மேல் நம்பிக்கை இல்லை, அதனால் 52 நிமிடம் காத்திருந்தார்கள். எனக்கு நம்பிக்கை இருந்தது.

அந்தப் பெரியவர் சொன்னதில் என் மனசில் நிற்பதை நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதினோரு பக்கம் வந்திருக்கிறது. அவர் மகனிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். மற்ற பதிவுகளையெல்லாம் மூன்று இடத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு இரண்டு என்ற கணக்கில் பொங்கலுக்குள் முடியும். முடிந்ததும் உங்களுக்குத் தருகிறேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். புதுக் கணிப்பொறி வாங்கினாலோ, ராம் மாற்றினாலோ, எக்ஸ்எம்பியைத் தட்டினாலோ, ஓர் இரவு ராம் சோதனையை ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் வேகத்தை இறக்குங்கள். அதைவிட முக்கியமாக, அப்பா அம்மா குரல், பாட்டி பாடிய தாலாட்டு என்று எதையாவது பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே திறந்து, கடைசிவரை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள்.